கண்ணாடியார் குறை சொன்ன காலம்

கயத்தாறில் ஒரு மின்கம்பம் நாலடி தள்ளிப் போனது அறுபத்தாறாம் வருஷம் ஆடி மாசத்துச் செவ்வாய்க்கிழமை, காலைத் தபால் பட்டுவாடா முடிந்த கையோடு. அந்த ஊர் மளிகைக்கடைக்காரர் ஒருவர் தன் தங்கச்சியைக் கல்யாணக் கோலத்தில் தெருவில் நிறுத்திப் படம் பிடித்திருந்தார், படத்தில் பெண்ணின் உச்சந்தலையிலிருந்து ஒரு மின்கம்பம் முளைத்து வானத்துக்குப் போயிருந்தது. தூத்துக்குடியிலிருந்து வந்துகொண்டிருந்த ‘இருட்டறை’ மாதப் பத்திரிகை அந்தப் படத்தை ஏழாம் பக்கத்தில் போட்டு, ‘கம்பம் மணப்பெண்ணின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அது நாலடி இடப்பக்கம் நின்றிருக்க வேண்டும்’ என்று அடியில் எழுதியிருந்தது. மளிகைக்கடைக்காரர் வாசித்து முடித்து, மனுஷன் சரியாத்தான் சொல்லியிருக்கான் என்று தலையை நிமிர்த்திப் பார்த்தால், கம்பம் நாலடி இடப்பக்கம் நின்றுகொண்டிருந்தது, கம்பி அறுபடவில்லை, மேலே உட்கார்ந்திருந்த காக்கா பறக்கவும் இல்லை. மின்சார ஆபீஸிலிருந்து ரெண்டு பேர் வந்து டேப் வைத்து அளந்து, நோட்டில் எழுதி, ஆளுக்கொரு கலர் சோடா குடித்துவிட்டுப் போனார்கள்.

‘இருட்டறை’யைத் தொடங்கியவர் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் கேமராக் கடை வைத்திருந்த தொம்மை மிராந்தா. படச்சுருள் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே சந்தேகத்தைக் கேட்டுக் கேட்டு அவருக்கு வாய் வலித்துப்போனதால், பதிலை எல்லாம் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவோம் என்று அறுபத்திரண்டில் ஆரம்பித்தார். குளியலறையை இருட்டாக்கி எப்படிப் படம் கழுவுவது, வெயில் உச்சிக்கு வந்தால் யாரை எங்கே நிறுத்துவது, குழந்தை அழாமல் இருக்க என்ன செய்வது, எல்லாம் அதில் வரும். பேரைப் பார்த்துப் பேய்க்கதைப் பத்திரிகை என்று வாங்கியவர்கள் பாதிப்பேர், மூணு மாசமா ஒரு பேயும் வரலியே என்று கடுதாசி போட்டுக் கேட்டவர்களும் உண்டு, ஆனால் வாங்குவதை மட்டும் ஒருத்தரும் நிறுத்தவில்லை.

ஏழாம் பக்கத்துக்குக் ‘குறைநிறை’ என்று தலைப்பு. வாசகர்கள் அனுப்புகிற படங்களைப் பற்றிக் கண்ணாடியார் என்பவர் அதில் எழுதினார், ஊருக்கு ஊர் அவரைப் பெரிய மீசையும் தடித்த கண்ணாடியும் வைத்த ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் என்று நினைத்துக்கொண்டார்கள். அட, கண்ணாடியார் ஒரு பொம்பளை! கடைக்குப் பின்னாலிருந்த அச்சாபீஸில் புரூஃப் பார்க்க வந்த அமலோற்பவம், இருபத்தெட்டு வயசு, கான்வென்ட்டில் பதினொண்ணு வரை படித்தவள், சங்குக்கரைத் தெருவில் மீன்பிடி வள்ளம் வைத்திருக்கும் கஸ்பாரின் பெண்சாதி. அவள் ஜென்மத்தில் கேமராவைத் தொட்டதில்லை. ஒருநாள் எழுத்துப்பிழை பார்க்கக் கொடுத்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இந்த ஆட்டுக்கு அஞ்சு காலு இருக்கே” என்றாள். தொம்மை அண்ணாச்சி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், பின்னால் நின்ற இன்னொரு ஆட்டின் கால் முன்னாட்டின் வயிற்றுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. பத்து வருஷமாகப் படம் எடுக்கும் தன் கண்ணுக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிகிறதே என்று அவர் அன்றைக்கே அந்தப் பக்கத்தைத் தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டார்.

குறைநிறை என்று பேர்தானே தவிர, நிறை என்று அவள் ஒரு வரி எழுதியதில்லை. அண்ணாச்சி கேட்டுப் பார்த்தார்.

“ஒண்ணு ரெண்டு நல்ல வார்த்தையும் சொல்லேன் தாயி.”

“நல்லா இருக்குன்னு சொல்லதுக்குப் பத்திரிகை எதுக்கு அண்ணாச்சி? அத அவுக வீட்டுலயே சொல்லிருப்பாவ.”

கம்பம் தள்ளிப்போன பிறகு சுற்றுவட்டாரம் அந்த அதிசயத்தை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால் சிரிப்பீர்கள். யாரும் மயங்கி விழவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவில்லை, எல்லாரும் கேமரா வாங்கப் போனார்கள். நல்ல படம் எடுப்பது எப்படி என்று நாலு வருஷம் சொல்லிக்கொடுத்த பத்திரிகையின் வாசகர்கள், கெட்ட படம் எடுப்பது எப்படி என்று ராத்திரி பகலாக யோசித்தார்கள். வாசலை மறைக்கும் புளியமரத்தை வேண்டுமென்றே நடுவில் வைத்து எடுத்தார்கள், சாக்கடையை முன்னால் வைத்துப் பிள்ளையைப் பின்னால் நிறுத்தினார்கள், ஓட்டப்பிடாரத்துப் பக்கத்திலிருந்து மானாவாரிச் சம்சாரிகள் எட்டுப் பேர் சேர்ந்து மொட்டை வானத்தைப் படம் எடுத்து அனுப்ப, அவள் ‘மேல்பாதி வெறுமையாக இருக்கிறது, கனத்த மேகம் ஒன்று வேண்டும்’ என்று எழுத, பத்திரிகை வந்த அன்று மத்தியானம் அந்த எட்டுப் பேர் நிலத்தில் மட்டும் வரப்பு உடைகிற மாதிரி மழை கொட்டியது. விளாத்திகுளத்து மருமகள் ஒருத்தி மாமியாரை ஓரமாக இருட்டில் நிறுத்திப் படம் அனுப்பினாள், கண்ணாடியார் சாமானியப்பட்டவரா, ‘மாமியார் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறார், மருமகள் முகத்தில்தான் சிரிப்பு இல்லை’ என்று எழுதிவிட்டார், பாவம் அந்தப் பிள்ளை மூணு மாசம் வாயை மூட முடியாமல் சிரித்துக்கொண்டே மாவு ஆட்டினாள். பங்குச்சாமியாரிடம் போய் இது பாவமா என்று கேட்டார்கள், அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து இதில் அந்த மாதிரி ஒன்றும் போடவில்லை என்று சொல்லிவிட்டுத் தானும் ஒரு படம் அனுப்பினார், கோயில் மணிக்கூண்டு லேசாகச் சாய்ந்திருந்தது.

ஒரு கட்டுப்பாடு மட்டும் இருந்தது. அவள் கண்ணுக்கு நிஜமாகவே குறை என்று பட்டதுதான் நகரும். பெரிய இடத்து ஆள் ஒருவர் அடுத்த வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைப் படம் எடுத்து, அண்ணாச்சியைப் பிடித்து நெருக்கி, அந்தச் சுவர் அங்கே இருக்கக் கூடாது என்று எழுத வைத்தார். சுவரில் ஒட்டியிருந்த பல்லிகூட அசையவில்லை.

எழுபத்துநாலில் கடல் சங்குக்கரைத் தெருவைத் தின்ன ஆரம்பித்தது. முதலில் தென்னை மூணு போனது, அப்புறம் வலை காயப்போடும் திட்டு, அப்புறம் முன்வரிசை வீடுகள் ஆறு, கடைசியில் அமலோற்பவத்தின் வீடுதான் முன்வரிசை என்று ஆகி, துணி அலசினால் அலசின தண்ணியும் கடல்தண்ணியும் வாசலிலேயே கலந்தது. அவளுக்கு வீட்டைப் பற்றிப் பயமில்லை, ஓலையும் மண்ணும் எங்கே போனாலும் கிடைக்கும். கஸ்பாரை நினைத்துத்தான் பயம். கடல் வீட்டுக்குள் வருகிற அன்றைக்கு அந்த மனுஷன் பாயை விரித்து உள்ளே படுத்துக்கொள்வான் என்று அவளுக்குச் சத்தியமாகத் தெரியும்.

“எங்கப்பன் முங்கின கடலு. என்னைத் தேடி வாசலுக்கே வருது, நான் எந்திச்சு ஓடவா? நீ வேணும்னா ஒங்க அம்மா வீட்டுக்குப் போ.”

“அப்பாவும் மகனும் சேந்து முங்குங்க, நான் மட்டும் போயி நெல்லு குத்துதேன்” என்று அவள் சட்டியைப் போட்டு உடைத்தாள், ஆனால் அவன் அசையவில்லை.

தெருவே கடைக்கு வந்து வாடகைக்குக் கேமரா எடுத்துப்போய் கடலைப் படம் எடுத்துத் தள்ளியது. நாற்பத்திரண்டு படங்கள் வந்தன. “கடலு ரொம்பக் கிட்ட வந்துட்டுன்னு ஒரு வரி எழுதுக்கா” என்று கெஞ்சினார்கள். அவள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றில் விரல் விழுந்திருந்தது, ஒன்றில் வள்ளத்தின் மூக்கு வெட்டுப்பட்டிருந்தது, ஒன்று தூக்கத்தில் எடுத்த மாதிரி கோணிக் கிடந்தது, எல்லாம் குறைதான், ஆனால் நாற்பத்திரண்டிலும் கடல் இருந்த இடம் மட்டும் குறையாகப் படவில்லை, பார்க்கப் பார்க்க அது அங்கேதான் இருக்க வேண்டும் போலிருந்தது. என்ன கண்ணு இது என்று தன்னையே வைதுகொண்டு, மனசறிய, ‘கடல் நூறடி பின்னால் இருந்திருக்க வேண்டும்’ என்று எழுதினாள். பத்திரிகை வந்த அன்று கடல் இன்னும் ரெண்டடி முன்னால் வந்தது. அவள் அச்சாபீஸில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு மணிநேரம் அழுதாள்.

அந்த மாசத் தபாலில் ஒரு உறை வந்தது. ‘உயர்திரு கண்ணாடியார் சமூகத்துக்கு’ என்று கோணல் எழுத்து, பார்த்ததுமே யார் கை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கஸ்பார் யாருக்கும் சொல்லாமல் அண்ணாச்சியிடம் பெட்டிக் கேமரா வாங்கிப்போய், பன்னிரண்டு படம் எடுக்கிற ஒரு சுருளில் பதினொன்றைப் பாழாக்கி, பன்னிரண்டாவதை அனுப்பியிருந்தான். கடலை நிறுத்தச் சொல்லி அனுப்பவில்லை. எட்டு வருஷமாக ஊர் உலகத்துக்கெல்லாம் குறை சொல்கிற பெண்சாதி தன் படத்துக்கு என்ன சொல்கிறாள் என்று பார்க்கும் ஆசை, அவ்வளவுதான். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: ‘இதில் என்ன குறை சொல்வீரோ பார்ப்போம்.’

படத்தில் அவளே இருந்தாள். வாசல்படியில் நின்று அவன் சட்டையைப் பிழிகிறாள், காலடியில் கோழி, பின்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு அலை எழும்பி விழப்போகிற நேரம், அலைக்குள் வெயில். காலையில் கையில் எடுத்த படத்தை அவள் சாயங்காலம் வரை கீழே வைக்கவில்லை. நாலு மூலையையும் பார்த்தாள், கோழியின் காலை எண்ணினாள், அடிவானத்தில் அடிக்கோல் வைத்துப் பார்த்தாள். தன் முகத்தைக்கூட யாரோ பொம்பளை முகம் மாதிரி நினைத்துக் குறை தேடினாள்.

“என்ன தாயி, ரொம்ப மோசமா?” என்றார் அண்ணாச்சி.

“குறை ஒண்ணும் இல்ல அண்ணாச்சி.”

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

‘குறை ஏதுமில்லை. இருக்கிறபடியே இருக்கட்டும்’ என்று அவள் எழுதினாள். அந்தப் பக்கம் அச்சாகி, தபால்காரர் சங்குக்கரைத் தெருவில் முதல் பிரதியைக் கொடுத்த நிமிஷம், அமலோற்பவத்தின் வாசலுக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு எழும்பிய அலை விழாமல் நின்றது. அப்படியே நின்றது. அதற்குள் ரெண்டு மூணு சாளை மீன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தன, காலை வெயில் பட்டால் அது பச்சையாக ஒளிவிட்டது, தொட்டால் ஈரமாக இருந்தது, ஆனால் விழவில்லை, அதற்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டுக் கடல் வரவில்லை. தெரு முழுக்க அந்த அலைக்கு முன்னால் மண்டி போட்டது.

அப்புறம் என்ன, பழகிவிட்டார்கள். அலையோரம் குளிர்ச்சியாக இருக்கிறது என்று பெண்கள் மீன்கூடையை அங்கே வைத்தார்கள், கல்யாணம் ஆன ஜோடிகள் வந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள், மீன்வள ஆபீஸிலிருந்து வந்தவர் அலையின் நீளம் உயரம் எழுதிக்கொண்டு கருவாடு வாங்கிப் போனார். புயல்கள் வந்தன, வந்த புயல் எல்லாம் அந்தக் கோட்டில் வந்து நின்று யோசித்துவிட்டுத் திரும்பின. கஸ்பார் தலையை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடந்தான், பெண்சாதி வாயிலிருந்து குறையில்லை என்ற வார்த்தையை வாங்கிய ஒரே ஆள் தான்தான் என்று கள்ளுக்கடையில் சொல்லிச் சொல்லி எல்லாருடைய காதையும் புண்ணாக்கினான்.

பத்து வருஷம் கழித்துத்தான் அடுத்த வீட்டு மரியசெல்வம் கேட்டாள். “அமலிக்கா, தலைக்கு என்ன எண்ணெய் தேய்க்கிய? ஒரு நரைகூடக் காணலியே.” அப்போதுதான் அமலோற்பவம் கவனித்தாள், கோழி சாகவில்லை, தினம் ஒரு முட்டை போட்டுக்கொண்டேயிருந்தது, பிழிந்த அந்தச் சட்டை நைந்துபோகவில்லை, கண்ணாடியில் தன் முகம் அதே முப்பத்தாறு வயசு முகம். படத்தில் இருந்தது எல்லாம் இருந்தபடியே இருந்தது. படம் எடுக்கிறவன் படத்தில் இருக்க மாட்டான் என்பது முதல் இதழ் வாங்கிய கத்துக்குட்டிக்குக்கூடத் தெரியும். நாலு மூலையையும் பார், நாலு மூலையையும் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள், நாலு மூலையையும் பார்த்துவிட்டு, கேமராவுக்குப் பின்னால் நின்ற புருஷனை மறந்துவிட்டாள்.

கஸ்பாருக்கு நரைத்தது, பல் போனது, முட்டி மடங்க மறுத்தது, வள்ளத்தைத் தங்கச்சி மகனிடம் கொடுத்தான். ரெண்டாயிரத்து ஒண்ணில் அவருக்கு அறுபத்தொன்பது, அவளுக்கு அதே முப்பத்தாறு. நெஞ்சுச் சளி என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால், நர்ஸ் பிள்ளை, “அப்பாவக் கூட்டிக்கிட்டு உள்ள வாங்க” என்றது.

“வா மக, போவோம்” என்றார் கஸ்பார், நர்ஸுக்குத் தெரியாமல் இவளுக்குக் கண்ணடித்து. அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, திரும்பி வரும் பஸ் முழுக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தவக்காலம் வரை தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த வருஷமே ‘இருட்டறை’யும் மூச்சு வாங்கியது. குறையைத் தானே சரிசெய்யும் கேமராக்கள் வந்துவிட்டன, மூட்டை மூட்டையாக வந்த தபால் ஒரு கைப்பிடியாகச் சுருங்கியது. எண்பதைத் தாண்டிய தொம்மை அண்ணாச்சி, கிறிஸ்துமஸ் இதழோடு கடையை மூடுகிறேன் என்றார்.

“ஏழாம் பக்கம் எனக்கு இன்னும் ஒருக்கா வேணும் அண்ணாச்சி. பழைய படம் ஒண்ணு இருக்கு.”

எந்தப் படம் என்று அவர் கேட்கவில்லை. “குறை இல்லன்னு எழுதிட்டு, இப்போ இருக்குன்னா, அன்னிக்கு எழுதினது பொய்யாயிருமே தாயி. பொய்க்குக் கடலு நிக்காதே” என்றார்.

அது அவளுக்கும் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் படியில் நின்று தெருவிடம் நேராகவே கேட்டாள். எழுதினால் என் புருஷன் எனக்குக் கிடைக்கலாம், அலை அவிழ்ந்து தெருவும் போகலாம், வேண்டாம் என்றால் எழுதவில்லை என்றாள். மரியசெல்வத்தின் மகன் ரீகன், படகுச் சங்கத்துக்காரன், முறைத்துக்கொண்டு கேட்டான்.

“ஒரு ஆளுக்காக நாப்பது வீடா அக்கா?”

“எழுதாத அமலி” என்றார் கஸ்பார், ரெண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். “நான் போற காலம். இதுக பிள்ளக்குட்டிக்காரவுக.”

“நீங்க பேசாதீங்க!” என்று அவள் வெடித்தாள். “அன்னிக்கு ஒங்கள விட்டுட்டுப் பாத்தேன், இருபத்தேழு வருஷமா அந்தத் தப்ப என் மூஞ்சியிலயே சொமக்கேன். நீங்க போனப்புறம் நான் எத்தன வருஷம் இந்த வாசல்ல நின்னு ஒங்க சட்டையப் பிழியணும்? நூறா? இருநூறா?”

ரீகன் வீட்டுக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் டிவிப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்து கோயில் படியில் இறக்கினான். “எழுதுங்க. நாங்க சாமான எடுத்து வச்சிக்கிடுதோம்” என்றான். அவனுக்குப் பின்னால் குடங்களும் பாய்களும் தையல் மெஷினும் கோழிக்கூடுமாக நாற்பது வீடும் வரிசையாக வந்தது.

அவள் இப்படி எழுதினாள்: ‘இந்தப் படத்தை நான் முன்பு சரியாகப் பார்க்கவில்லை. கடல் சரி. அலை சரி. கோழி சரி. வாசலில் ஒரு ஆள் குறைகிறது. படம் எடுத்தவர் அந்தப் பெண்ணின் வலப்பக்கம் நின்றிருக்க வேண்டும்.’ அடியில் கண்ணாடியார் என்று போடாமல் தன் பேரைப் போட்டாள்.

பத்திரிகை வந்த காலை பத்தரை மணிக்குத் தெரு முழுக்கக் கோயில் படியில் இருந்தது. கஸ்பார் உள்ளே கட்டிலில் கிடந்தார், எழுப்பிக் கூட்டிப்போக அவர் சம்மதிக்கவில்லை. அமலோற்பவம் வாசல்படியில் நின்றாள். தபால்காரர் தூரத்தில் சைக்கிளை நிறுத்தி, கோயில் படியில் முதல் ஆளிடம் பிரதியைக் கொடுத்தார். இருபத்தேழு வருஷம் நின்ற அலை விழுந்தது.

அந்தச் சத்தம் துறைமுகம் வரை கேட்டது என்பார்கள். தண்ணி முற்றத்தைத் தாண்டி, படியைத் தாண்டி, அவள் முழங்காலைத் தாண்டி வீட்டுக்குள் போனது, மாதாவே மாதாவே என்று கோயில் படி அலறியது, ரீகன் டிவியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அவள் கண்ணை மூடவில்லை. உள்ளே போன தண்ணி ஒரு நிமிஷம் உள்ளேயே இருந்தது. பிறகு மெதுவாக, தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் போகிற தாய் மாதிரி வெளியே வந்து, படி இறங்கி, பழைய கோட்டுக்குப் போய், அங்கேயும் நிற்காமல் இன்னும் ரெண்டடி பின்னால் போய், முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றது. ஒரு ஆள் நிற்க இடம் விட்டிருந்தது கடல்.

அந்த ஈர மணலில் அவளுக்கு வலப்பக்கம் கஸ்பார் நின்றுகொண்டிருந்தான். நாற்பத்திரண்டு வயசு, தலை நிறைய கறுப்பு மயிர், பல் எல்லாம் இருந்தது. மூச்சை நன்றாக இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டான், அப்புறம் அவள் பக்கம் திரும்பினான்.

“ஏட்டி, இப்போ குறை இல்லியே?”

அமலோற்பவத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து எது முதலில் என்று தெரியாமல் நின்றது. கண்ணைத் துடைத்துவிட்டு அவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

“சட்டப் பட்டன மாத்திப் போட்டிருக்கிய” என்றாள்.

அதைப் பத்திரிகையில் எழுதினால்தானே சரியாகும் என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவள் படியிறங்கிப் போய் ஒவ்வொரு பட்டனாகக் கழற்றித் தன் கையாலேயே போட்டுவிட்டாள்.